மணிக்கட்டுக்குள் ஒரு கேமரா

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் கை ஓயாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு: முறுக்குவது. லேத்தில் ஜாப்பை மாட்டிச் சாவியால் இறுக்குகிறார் ஒருவர். பவர் பிரஸ்ஸில் டையை மாற்றி போல்ட்டைத் திருகுகிறார் இன்னொருவர். பேக்கிங் பகுதியில் பெண்கள் பெட்டியைத் தூக்கி, கையைத் திருப்பி, அடுக்குகிறார்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே தொடங்கப்பட்டது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அந்தக் காலம் தொட்டு மேற்குச் சென்னையின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி மணிக்கட்டு வழியாகத்தான் வந்திருக்கிறது. இதோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட கைகளில் வரும் ஒரு வலிக்கு அடையாளம் தெளிவானது. சும்மா இருந்தால் வலிக்காது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பும்போது, துணியைப் பிழியும்போது, தரையில் கை ஊன்றி எழும்போது சுண்டுவிரல் பக்கம் சுரீரென்று பிடிக்கும். தைலம், கிரேப் பேண்டேஜ், தெருமுனைக் கட்டு என்று சில மாதம் ஓடும். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால், பெரும்பாலும் கேட்கக் கிடைப்பது இதுதான்: "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கீஹோல் ஆபரேஷன்தான், சின்ன ஓட்டை. மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்."

இதில் ஓட்டை சின்னதுதான் என்பது உண்மை. மறுநாள் வீட்டுக்குப் போவதும் நடக்கும். ஆனால் கையை நம்பிப் பிழைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கின்றன: அந்தக் கிழிசல்தான் வலிக்குக் காரணமா, உள்ளே போகிற கை எத்தனை முறை போன கை, வீட்டுக்குப் போனபின் வேலைக்குப் போக எத்தனை மாதம் ஆகும். மணிக்கட்டு ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சிறு துளைவழி கேமரா விட்டு மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் இந்தக் கீஹோல் முறை, நல்ல சிகிச்சை. சில இடங்களில் இதைவிட நல்லது வேறு இல்லை. அதை விற்கிற விதம்தான் கோளாறாக இருக்கிறது. தழும்பின் அளவைச் சொல்லி விற்கிறார்கள். அதன் பெருமை தழும்பில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் யோசனை ஜப்பானில் வளர்ந்தது. 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1970 வாக்கில் சிறிய மூட்டுகளுக்கென்று 1.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியை உருவாக்கினார். 1979-ல் யுங் செங் சென் மணிக்கட்டிலும் விரல் மூட்டுகளிலும் அதைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 1980-களில் அமெரிக்காவின் டெர்ரி விப்பிளும் அவருடைய சகாக்களும் எந்த இடத்தில் துளை போட்டால் நரம்புக்கும் நாணுக்கும் சேதம் வராது என்று வரையறுத்தபிறகுதான் இது அன்றாட மருத்துவமானது.

அறுவை அரங்கில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அக்குளிலோ கழுத்தோரத்திலோ போட்ட ஊசியால் கை முழுக்க மரத்திருக்கும். அவர் விழித்தே இருக்கலாம், விரும்பினால் திரையைப் பார்க்கலாம். முழங்கையை மடக்கி, முன்கையை நிமிர்த்தி, விரல்களில் வலைபோல் பின்னிய உறைகளை மாட்டி மேலே கட்டுவார்கள். இழுக்க இழுக்க இந்த உறை விரலை இறுகப் பிடிக்கும். நான்கைந்து கிலோ முதல் ஏழு கிலோ வரை இழுவிசை கொடுத்தால், ஒட்டிக்கிடக்கும் எலும்புகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி திறக்கும். மணிக்கட்டின் பின்பக்கத்தைத் தடவினால், கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் மேல் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதிலிருந்து விரல்களை நோக்கி ஒரு சென்டிமீட்டர் தள்ளி அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் இடம்தான் முதல் வாசல். பிளேடு தோலை மட்டும் கீறும். அதற்குக் கீழே கத்திக்கு இடமில்லை; மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் திசுவை விலக்கிக்கொண்டு போவார்கள். காரணம், அந்தச் சின்னப் பரப்பில் விரலை நீட்டும் தசைநாண்கள் வரிசையாக ஓடுகின்றன, தோலுக்கடியில் உணர்வு நரம்பின் கிளைகள் பரவிக் கிடக்கின்றன.

இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள கேமரா ஒரு துளையில், கொக்கி முனையுள்ள ஊசி இன்னொரு துளையில். ஸ்கேனால் செய்யமுடியாத ஒன்றை அந்தக் கொக்கி செய்கிறது: தொட்டுப் பார்க்கிறது. ரேடியஸையும் சுண்டுவிரல் பக்கத்து அல்னாவையும் பிணைத்து வைத்திருக்கும் முக்கோண ஜவ்வைத்தான் ஸ்கேன் அறிக்கைகள் டி.எஃப்.சி.சி. என்று எழுதுகின்றன. நல்ல நிலையில் இருந்தால் கொக்கியால் அழுத்தும்போது அது விறைப்பாக எம்பி வரும். விளிம்பில் பிய்ந்திருந்தால் துவண்டு போகும். எலும்போடு பிணையும் வேர் அறுந்திருந்தால் கொக்கி போட்டு இழுக்கும்போது ஜவ்வே மேலெழுந்து வரும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எம்.ஆர்.ஐ. சிலநேரம் இருக்கிற கிழிசலைத் தவறவிடும், சிலநேரம் இல்லாததைக் காட்டும்; வேர் பிடிப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது உறுதியான பதில் தருவது அரிது.

இந்தப் பார்வையால் பெரும் பயன் அடைகிறவர்களைச் சொல்லிவிட வேண்டும். கை ஊன்றி விழுந்து, வேர் அறுந்து, அல்னா எலும்பு ஆடுகிற இளம் தொழிலாளிக்கு ஜவ்வை எலும்போடு மீண்டும் தைத்துப் பிணைப்பது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு அறுந்தால் எக்ஸ்ரே முதல் சில மாதங்களுக்கு எதுவும் காட்டாமல் இருக்கலாம். கேமராதான் எவ்வளவு அறுந்தது என்று தரம் பிரிக்கும். ஸ்கேஃபாய்டு என்ற முந்திரிப்பருப்பு வடிவச் சிறு எலும்பு உடைந்து கூடாமல் போனால், துளைவழியாகவே பழைய நாரைச் சுரண்டி எடுத்து எலும்புத்துகள் நிரப்பி ஸ்குரூ போடும் முறையை ஹாங்காங்கின் பி.சி. ஹோ வளர்த்தெடுத்தார். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் போகிறது. பெரிதாகத் திறந்தால் இருக்கிற ரத்த ஓட்டமும் கெடும் என்பதால் இங்கே துளை சிறியதாக இருப்பது அழகுக்காக அல்ல, உயிருள்ள எலும்புக்காக.

ஸ்கேஃபாய்டு பற்றிப் பேசும்போது இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். திருத்தணி தாண்டினால் ஆந்திர எல்லைக்குள் புத்தூர். அதன் பெயரைத் தாங்கிய எலும்பு முறிவுக் கட்டுப் பலகைகள் ஆவடி, திருநின்றவூர் சாலைகளில் சாதாரணம். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு. செலவு குறைவு, பேச்சில் பரிவு. முன்கையில் நேராக விழுந்த விரிசல் எந்தக் கட்டிலும் கூடிவிடக்கூடும். ஸ்கேஃபாய்டு அப்படிக் கூடாது. முதல் நாள் எக்ஸ்ரேயிலேயே அது தெரியாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே இல்லாமல் "சுளுக்கு" என்று கட்டி அனுப்பினால், ஒரு வருடம் கழித்து மணிக்கட்டு தேய்ந்த நிலையில்தான் உண்மை தெரியவரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாவுக்கட்டே பலருக்குப் போதும். இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் 439 பேரிடம் நடந்து 2020-ல் லான்செட் இதழில் வந்த ஸ்விஃப்ட் ஆய்வு இதை உறுதிசெய்தது: அதிகம் விலகாத ஸ்கேஃபாய்டு முறிவில், உடனே ஸ்குரூ போட்டவர்களும் முதலில் மாவுக்கட்டு போட்டு, கூடாதவர்களுக்கு மட்டும் அறுவை செய்யப்பட்டவர்களும் ஒரு வருட முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள்.

இனி குறைகள். முதல் குறை கருவியுடையது அல்ல, அதைக் கையிலெடுக்கும் ஆசையுடையது. கிழிசல் தெரிந்தால் சரிசெய்துவிட வேண்டும் என்ற உந்துதல் மருத்துவருக்கும் இருக்கிறது, நோயாளிக்கும் இருக்கிறது. ஆனால் முக்கோண ஜவ்வு வயதோடு தேய்கிற பொருள். வலி இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, முப்பது வயதுக்குக் கீழே 27 சதவீதம் பேருக்கும், எழுபதைத் தாண்டியவர்களில் 49 சதவீதம் பேருக்கும் இந்த ஜவ்வில் ஏதோ ஒரு பழுது இருப்பதாகக் காட்டியது. ஐம்பது வயது லேத் டர்னர் ஒருவரின் ஸ்கேனில் ஓட்டை தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அவருடைய வலி அந்த ஓட்டையிலிருந்து வருகிறதா, பக்கத்திலுள்ள தசைநாணின் அழற்சியிலிருந்து வருகிறதா என்பதை விரல் வைத்து அழுத்திப் பார்த்துத்தான் சொல்லமுடியும். 1989-லேயே ஆண்ட்ரூ பால்மர் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கிழிசல்களை அடிபட்டு வந்தவை, தேய்ந்து வந்தவை என்று இரண்டு குடும்பமாகப் பிரித்து வைத்தார். அந்தப் பிரிவை மதிக்காமல் எல்லாவற்றையும் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பதுதான் தவறு தொடங்கும் இடம்.

அதிலும் ஒரு விஷயம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியக்கூடியது. சிலருக்கு அல்னா எலும்பு ரேடியஸைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். ஒவ்வொரு முறை இறுக்கிப் பிடிக்கும்போதும் அது ஜவ்வையும் மேலேயுள்ள எலும்பையும் இடிக்கும். இப்படிப்பட்டவருக்குக் கேமரா விட்டு ஜவ்வைச் சுத்தம்செய்து அனுப்பினால், இடிக்கிற எலும்பு அப்படியே இருப்பதால் வலி திரும்பும் வாய்ப்பு அதிகம். அல்னாவைக் குறைக்கும் அறுவை வேறு, அதன் ஓய்வுக்காலம் வேறு. மலிவான எக்ஸ்ரேயை ஒழுங்காக எடுத்து அளந்து பார்க்காமல் விலையுயர்ந்த ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

முழங்கால் இதற்கு முன்பே பாடம் கற்றுக் கொடுத்திருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத்தேய்மான நோயாளிகள் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு ஆர்த்ரோஸ்கோபி மூலம் சுத்தம் செய்தார்கள், சிலருக்கு அலசிவிட்டார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து மூன்று தரப்பின் வலியிலும் வித்தியாசமில்லை. மணிக்கட்டு முழங்கால் அல்ல. ஆனாலும் தேய்ந்ததைச் சுரண்டிச் சுத்தம்செய்வதை வைத்தியம் என்று சொல்லும்போது இந்த நினைவு வரவேண்டும்.

மணிக்கட்டிலேயே நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பெரியவை அல்ல. இருப்பவை அடக்கமாகவே பேசுகின்றன. பின்கையில் எழும் நீர்க்கட்டியைத் திறந்து எடுப்பதையும் கேமரா வழி எடுப்பதையும் 2008-ல் ஒப்பிட்டபோது, கட்டி திரும்பி வந்த விகிதம் இரண்டிலும் பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜவ்வுத் தையல் செய்துகொண்ட 75 பேரைப் பார்த்த அதே ஆண்டுக் கட்டுரையிலும் திறந்து தைத்தவர், துளைவழி தைத்தவர் இருவரின் பலனிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஜப்பானில் மூட்டுக்குள் உடைந்த ரேடியஸ் முறிவுள்ள 74 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கேமரா பார்த்துப் பொருத்தியதும் எக்ஸ்ரே திரை பார்த்துப் பொருத்தியதும் ஒரே முடிவையே தந்தன என்று 2015-ல் எழுதினார்கள். இதனால் கேமரா வீண் என்று ஆகிவிடாது. மூட்டுப் பரப்பு பல துண்டுகளாகச் சிதறிய இளைஞருக்கு அது இன்னும் பயன்படலாம். ஆனால் எல்லோருக்கும் கீஹோல்தான் மேல் என்று விளம்பரப் பலகை அடித்துச் சொல்வதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

அடுத்தது, கை பழகிய கணக்கு. ஐரோப்பிய மணிக்கட்டு ஆர்த்ரோஸ்கோபி சங்கத்தினர் தங்கள் உறுப்பினர்கள் செய்த 10,107 அறுவைகளைத் திரட்டி 2016-ல் வெளியிட்டார்கள். 605 சிக்கல்கள், அதாவது ஏறக்குறைய ஆறு சதவீதம். நரம்புக் காயம், தசைநாண் காயம், விறைப்பு, நினைத்த வேலையை முடிக்கமுடியாமல் போவது எல்லாம் அதில் அடக்கம். இதைச் செய்தவர்கள் இந்தத் துறையிலேயே ஆர்வம்கொண்ட நிபுணர்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களிலும் ஐந்து வருட அனுபவத்தைத் தாண்டி, ஆண்டுக்கு இருபத்தைந்துக்குமேல் செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைந்தன. முழங்காலும் தோளும் நிறைய செய்கிற ஒருவர் மணிக்கட்டையும் அவ்வப்போது செய்வார் என்றால் நோயாளி அந்த எண்ணிக்கையைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. "வருஷத்துக்கு எத்தனை மணிக்கட்டு பண்றீங்க, சார்?" என்ற கேள்வி கேமராவின் விட்டத்தைவிட முக்கியமானது.

மிகச் சிறந்த கைகளில் விழுந்தாலும் மணிக்கட்டு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு டென்னிஸ் வீரர் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ சாட்சி. 2009-ல் அமெரிக்க ஓபன் வென்றவர் அடுத்த ஆண்டு வலது மணிக்கட்டில் அறுவை செய்துகொண்டார். பிறகு 2014, 2015-ல் இடது மணிக்கட்டில் மூன்று முறை. செய்தவர் மேயோ கிளினிக்கின் ரிச்சர்ட் பெர்கர், மணிக்கட்டு ஜவ்வுகளைப் பற்றிய இன்றைய அறிவில் கணிசமான பங்குக்குச் சொந்தக்காரர். டெல் போட்ரோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று திரும்பினார். அந்த வருடங்களில் அவருக்குச் சிகிச்சையாளர்கள் உடனிருந்தார்கள். வாடகைக்கும் மளிகைக்கும் வழி தேட வேண்டிய கவலை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் துணையும் இல்லை, அந்த நிம்மதியும் இல்லை.

தோலிலுள்ள துளை ஒரு வாரத்தில் ஆறும். தைத்த ஜவ்வு அதன் போக்கில்தான் ஆறும். துளை சிறியது என்பதற்காக அது அவசரப்படாது. வேரைத் தைத்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்கை திரும்பாதபடி ஸ்பிளிண்ட் தேவை. பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. கனமான பொருளைத் தூக்க மூன்று நான்கு மாதம், சிலருக்கு இன்னும் அதிகம். தொங்கும் ஜவ்வை வெட்டிச் சுத்தம்செய்தவர் இதைவிடச் சீக்கிரம் திரும்பலாம். இந்த இரண்டையும் ஒரே "கீஹோல்" என்ற சொல்லால் சொல்லி, இரண்டுக்கும் ஒரே காலத்தை மனதில் பதியவைத்து அனுப்பும்போது, தையல் போட்டுக்கொண்டவர் மூன்றாவது வாரமே பட்டறைக்குப் போய் நிற்பார். அங்கே தையல் போய்விடும்.

காசுக் கணக்கும் இங்கேதான் நெருக்குகிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் ஏற்பாடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இந்தியாவில் இது பெரிய சாதனை. ஆனால் அது மருத்துவமனைக்குத் தரும் பணம்; வீட்டில் இருக்கும் மூன்று மாதத்துக்குச் சம்பளம் அல்ல. 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தார்கள். உடல்நலக் குறைவுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும், வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் குணமாகும்வரை 90 சதவீதமும் அங்கே கிடைக்கும். பிரஸ்ஸில் விரல் போனால் அது வேலைக் காயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஐந்து வருடம் போல்ட் முறுக்கி மெல்ல மெல்லக் கிழிந்த ஜவ்வுக்குத் தேதி இல்லை, விபத்துப் பதிவும் இல்லை. ஆகவே அந்தத் தொழிலாளி எழுபது சதவீதத்துக்கும் 91 நாளுக்கும் உள்ளேயே குணமாக வேண்டியிருக்கிறது. ஜவ்வு ஆறும் காலமும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு வாரம் தாமதமானாலும் பையில் ஓட்டை விழும். மருத்துவர் எழுதும் குறிப்பில் நோயாளியின் வேலை என்ன, எந்த அசைவு எத்தனை முறை என்று விவரமாக இடம்பெற்றால் இது வேலைக் காயம்தான் என்ற வாதத்துக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். பலரும் "வலது மணிக்கட்டு வலி, ஆறு மாதமாக" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்குக் கை அறுவையில் புதிதாக யாரும் பெருமை சேர்க்கத் தேவையில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். வடசென்னை ஆலைகளில் நசுங்கிய கைகள் வந்து குவிந்த ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கைகளுக்கென்றே ஒரு துறையை வளர்த்தார். அறுந்த விரல் நுனியை மூட அவர் வகுத்த முக்கோணத் தோல் மடல் முறை 1980-ல் சர்வதேச இதழில் வெளியாகி, அவர் பெயராலேயே வழங்குகிறது. 2018-ல் அதே மருத்துவமனையில் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கை மாற்று அறுவை நடந்தது. இந்த மரபு முழுக்கக் கூலிக்காரரின் கையை மையமாக வைத்து வளர்ந்தது. கீஹோல் தொழில்நுட்பம் அந்த மரபுக்குள் சேர வேண்டும். தெருவுக்குத் தெரு ஒரு கேமரா வாங்கி வைப்பதைவிட, ஸ்டான்லி போன்ற சில இடங்களில் கூட்டிச் செய்து, ஒவ்வொருவரும் செய்கிற அறுவைகளின் எண்ணிக்கையை வருடத்துக்கு நூறாக ஆக்குவது நோயாளிக்கு நல்லது.

அறுவைக்கு ஒருநாள் ஸ்டான்லி போய்வருவது ஆவடிக்காரருக்கு முடியாத காரியமல்ல. சென்ட்ரல் வரை மின்சார ரயில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று மாதம், பயிற்சிக்காக அதே பயணம் என்றால் முடியாது. ஒவ்வொரு நடையும் அரைநாள் கூலி. நான்காவது வாரத்தில் பலர் நிறுத்திவிடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, அம்பத்தூரில் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. வெந்நீரில் இளக்கிக் கையின் வடிவத்துக்கு ஸ்பிளிண்ட் வார்க்கத் தெரிந்த, எந்த வாரம் எவ்வளவு திருப்பலாம் என்று அறுவை செய்தவரிடமிருந்து எழுத்தில் வாங்கி நடத்தக்கூடிய ஒரு கை சிகிச்சையாளரை இந்த இடங்களில் ஷிஃப்ட் முடியும் மாலை நேரத்தில் உட்காரவைத்தால், தைத்த ஜவ்வுகளில் இன்னும் பல பிழைத்துக்கொள்ளும். அதற்குக் கேமரா வாங்கும் செலவில் சிறு பங்கு போதும்.